வெள்ளித்திரையில் வீடு கட்டியவர்

சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். இரண்டு நாளில் கதை மறந்துவிடுகிறது. பாட்டு ஒரு வாரம் நாக்கில் நிற்கிறது. ஆனால், கதாநாயகி இறங்கி வந்தாளே, அந்த வளைந்த மாடிப்படி, அது மட்டும் மனத்தை விட்டுப் போவதில்லை. அவள் அறையில் தொங்கிய திரைச்சீலை, கட்டில், நிலைக்கண்ணாடி, மூலையில் இருந்த விளக்கு எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. நம் வீட்டிலும் அப்படி ஒரு அறை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காத பெண்கள் குறைவு. ஆண்களுக்கும் அந்த ஆசை உண்டு. செலவுக்குப் பயந்து வெளியே சொல்வதில்லை. அவ்வளவுதான்.

இந்த ஆசை நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. உலகம் முழுவதும் உள்ளது. இதைக் கோடிக்கணக்கானவர்களின் நெஞ்சில் மூட்டிவிட்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு அமெரிக்கர். அவர் நடிகர் அல்ல. படத்தில் அவர் முகம் வராது. படம் தொடங்கும்போது எழுத்தில் ஓடும் பெயர்களில் ஒன்றாக அவர் பெயர் வந்து போகும். செட்ரிக் கிப்பன்ஸ் என்பது அந்தப் பெயர்.

சினிமா உலகில் எல்லோரும் ஏங்கும் பரிசு ஆஸ்கார் பரிசு. பொன்முலாம் பூசிய அந்தப் பொம்மையைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொம்மையின் உருவத்தை முதன்முதலில் காகிதத்தில் வரைந்தவர் இவர்தான். வரைந்ததோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் அதே பொம்மையை 11 தடவை பரிசாகவும் வாங்கினார்!

பிறந்த ஊரும் ஒரு ஜோடனை

கிப்பன்ஸ் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை ஒன்று. உண்மை வேறொன்று. அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரில் 1893-ம் ஆண்டில் பிறந்ததாக அவர் சொல்லி வந்தார். பல புத்தகங்களிலும் அப்படியே அச்சாயிற்று. ஆனால், அவர் பிறந்தது அமெரிக்காவில், நியூயார்க் நகரில். ஆண்டு 1890. வயதில் 3 ஆண்டைக் குறைத்து, ஊரையும் கடலுக்கு அப்பால் மாற்றிவைத்தார். அவர் கட்டிய முதல் செட் அதுதான் என்று சொன்னால் தவறில்லை!

தந்தை கட்டடக் கலைஞர். அயர்லாந்துக்காரர். மகன் ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். பிறகு தந்தையின் அலுவலகத்திலேயே பலகைமுன் அமர்ந்து கட்டடப் படங்கள் வரைந்தார். ஒரு சுவர் எவ்வளவு கனம் இருக்கவேண்டும், ஜன்னல் எந்தத் திசையில் இருந்தால் வெயில் எங்கே விழும், படிக்கட்டு எத்தனை அடியில் திரும்பவேண்டும் என்பதெல்லாம் அங்கே பழகியவை. இவை பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டன. சோறு என்ன, விருந்தே போட்டன.

1915-ம் ஆண்டில் எடிசன் படக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆம், மின்சார விளக்கும் போனோகிராப்பும் தந்த அதே எடிசனின் கம்பெனிதான். ஹ்யூகோ பாலின் என்ற ஓவியரின் கீழ் கிப்பன்ஸ் தொழில் கற்றார். இடையில் முதல் உலகப்போர் வந்தது. கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்ததும் கோல்ட்வின் படக் கம்பெனியில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து சினிமாவில் வீடு என்றால் என்ன தெரியுமா? துணி! நாடகக் கொட்டகையில் தொங்குமே, அதுபோலப் பெரிய படுதா. அதில் ஜன்னலை எழுதியிருப்பார்கள். அலமாரியை எழுதியிருப்பார்கள். குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு ஒட்டி நெருப்பு எரியும் கணப்பு இருக்கும். அதன்மேல் ஒரு மாடமும் இருக்கும். அதையும் எழுதியிருப்பார்கள். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் சுவர் முழுவதும் அலைபோல் ஆடும். உருக்கமான கட்டத்தில் சுவர் ஆடினால் அழுகை வருமா, சிரிப்பு வருமா?

கிப்பன்ஸுக்கு இது பிடிக்கவில்லை. கணப்பு என்றால் கை வைத்துப் பார்க்கும்படி கணப்பாகவே இருக்கவேண்டும், அதன் மாடத்தில் ஒரு கடிகாரத்தை வைத்தால் நிற்கவேண்டும் என்றார். பலகையும் சாந்தும் கொண்டு திடமாகக் கட்டச் செய்தார். இன்று இது பெரிய காரியமாகத் தோன்றாது. அன்று இதற்காகவே அவர் பெயர் ஊரில் அடிபட்டது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

1924-ம் ஆண்டில் 3 கம்பெனிகள் ஒன்றாக இணைந்தன. மெட்ரோ கோல்ட்வின் மேயர் என்ற பெரிய கம்பெனி பிறந்தது. படத்தின் ஆரம்பத்தில் சிங்கம் கர்ஜிக்குமே, அந்தக் கம்பெனிதான். அதன் கலைப் பகுதிக்குக் கிப்பன்ஸ் தலைவர் ஆனார். 32 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

வேலையில் சேரும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஆர்ட் டைரக்டர் என்று தம் பெயர் வரவேண்டும். கம்பெனி ஒப்புக்கொண்டது. அதனால் ஏறத்தாழ 1,500 படங்களில் அவர் பெயர் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 ஆண்டில் 1,500 படம் என்றால், ஆண்டுக்கு 47 படம். வாரத்துக்கு ஒரு படம்! எந்த மனிதராலும் அது ஆகக்கூடிய காரியமா? ஆகாது. அவருக்குக் கீழே பல திறமைசாலிகள் இருந்தார்கள். அவர்கள் வரைந்தார்கள். கிப்பன்ஸ் பார்த்தார், திருத்தினார், ஒப்புதல் கொடுத்தார், பல சமயங்களில் அப்படியே விட்டும்விட்டார். திரையில் முதலில் வந்தது அவர் பெயர்.

இது நியாயமா? முழு நியாயம் என்று சொல்லமுடியாது. ஆனால், அவர் வெறும் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அல்ல. எந்தப் படமானாலும் வீடு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு தரத்தை ஏற்படுத்தினார். டைரக்டர்கள் எதிர்த்தபோது தம் ஆட்களுக்காக வாதாடினார். கம்பெனியின் பணப்பெட்டியை அவர்களுக்காகத் திறக்கவைத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடை போடவேண்டும்.

வெள்ளை நிறம் பிறந்த கதை

அவருடைய வீடுகள் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருந்தன? இதில் ஒரு ரகசியம் உண்டு.

ஊமைப்பட காலத்தில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு எல்லா நிறமும் சரியாகத் தெரியாது. சுவரை வெள்ளையாகப் பூசினால், கடுமையான வெளிச்சத்தில் கண் கூசி, நடிகர் முகமே தெரியாமல் போய்விடும். ஆகையால், வெள்ளைச் சுவர் வேண்டுமென்றால் இளஞ்சிவப்பு அல்லது வெளிர்பச்சை பூசுவார்கள். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, வெள்ளை மேஜைவிரிப்புகூட நேரில் வெள்ளையாக இராது. அதாவது, செட்டுக்குள் போய் நேரில் பார்த்தவன் வேறு வீட்டைப் பார்த்தான். கொட்டகையில் உட்கார்ந்தவன் வேறு வீட்டைப் பார்த்தான்!

1920-களின் கடைசியில் புதுவகைப் படச்சுருள் வந்தது. மென்மையான புது விளக்குகளும் வந்தன. வெள்ளையை வெள்ளையாகவே காட்ட முடிந்தது. கிப்பன்ஸ் கூட்டத்தார் சும்மா இருப்பார்களா? வெள்ளைச் சுவர், வெள்ளைச் சோபா, வெள்ளைத் திரை என்று வெளுத்து வாங்கினார்கள். அதற்கு எதிராக, முகம் தெரியும்படி பளபளக்கும் கறுப்புத் தரை.

1928-ம் ஆண்டில் அவர் டான்ஸிங் டாட்டர்ஸ் என்ற படம் வந்தது. ஜோன் கிராபோர்டு என்ற நடிகையைப் பெரிய நட்சத்திரமாக ஆக்கியது அந்தப் படம். அவரோடு இன்னொன்றும் நட்சத்திரமாயிற்று. அதுதான் கதையில் வரும் வீடு. அதுவரை பணக்காரர் வீடு என்றால் கனத்த மர நாற்காலி, செதுக்கு வேலை, தூசி படிந்த தொங்கல், சுவரெல்லாம் படம் என்று இருக்கும். இந்த வீட்டில் அவை ஒன்றும் இல்லை. நேரான கோடுகள். படிப்படியாக உள்ளே வாங்கிய சுவர். விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். சாமான்கள் மிகக் குறைவு. பாரிஸ் நகரில் 1925-ம் ஆண்டில் ஒரு பெரிய அலங்காரக் கலைப் பொருட்காட்சி நடந்தது. அங்கே புகழ்பெற்ற புதுமோடி இது. பாரிசுக்குப் போகவசதியில்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு, சினிமாக் கொட்டகையே அந்தப் பொருட்காட்சி ஆயிற்று.

1932-ல் வந்த கிராண்ட் ஹோட்டல் படத்தில் ஹோட்டலின் முன்கூடம் வட்டமாக இருக்கும். நடுவே வட்ட மேஜை. மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம். அதன் வேலையில் பெரும்பங்கு அலெக்சாண்டர் டொலுபாப் என்பவருடையது. மெல்லிய பட்டைகளைச் சரமாகக் கோத்துக் கயிற்றை இழுத்தால் திறந்து மூடும் ஜன்னல் திரை இருக்கிறதே, அது அமெரிக்க வீடுகளில் பரவியதற்கும் கிப்பன்ஸ் படங்கள் ஒரு காரணம். பட்டைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் வரிவரியாகக் கதாநாயகி முகத்தில் விழும். அழகுக்குக் கேட்பானேன்!

கேலிக்குக் கட்டிய அறை

அந்தச் சமயம் அமெரிக்காவில் என்ன நிலை? பெரும் பஞ்ச காலம். 1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1933-ல் வேலை செய்யக்கூடிய 4 பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் சாமான்களோடு தெருவில் நின்ற குடும்பங்கள் பல. அப்படிப்பட்டவர்கள் கால் டாலர் கொடுத்துக் கொட்டகைக்குள் போய், 2 மணி நேரம் பளிங்குபோன்ற கூடங்களில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் சும்மா வரவில்லை. மனத்தில் அளவெடுத்துக்கொண்டு வந்தார்கள். படக் கம்பெனிகளுக்குக் கடிதங்கள் போயின. அந்த அறையின் திரை என்ன துணி, சுவருக்கு என்ன வர்ணம், நாற்காலி எங்கே கிடைக்கும் என்று பெண்கள் கேட்டு எழுதினார்கள். பத்திரிகைகள் நட்சத்திரங்களின் வீட்டு அறைகளையும் படத்தில் வந்த அறைகளையும் பக்கம் பக்கமாகப் போட்டன. கடைக்காரர்கள் விடுவார்களா? சினிமா மோடி என்று சொல்லி மேஜையும் கண்ணாடியும் விற்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1933-ல் டின்னர் அட் எய்ட் என்ற படம் வந்தது. அதில் ஒரு முரட்டுப் பணக்காரன். திடீரென்று பணம் வந்தவன். அவன் மனைவியாக ஜீன் ஹார்லோ நடித்தார். அவள் படுக்கையறை முழுவதும் வெள்ளை. கட்டில் வெள்ளை, மெத்தை வெள்ளை, கம்பளம் வெள்ளை, சுவர் வெள்ளை, உடை வெள்ளை, தலைமயிரும் வெள்ளி! ஹோப் எர்வின், பிரெட் ஹோப் ஆகிய இருவரும் அந்த அறையைச் செய்தார்கள். எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் காமிராவுக்கு எது கட்டில், எது சுவர் என்று தெரியாது. ஆகவே, பாலின் வெள்ளை, தந்தத்தின் வெள்ளை, முத்தின் வெள்ளை என்று பல சாயலில் பிரித்துப் பிரித்துப் பூசினார்கள்.

கதையில் அந்த அறை எதற்கு வந்தது? கேலிக்கு! பணம் வந்துவிட்டது, பண்பு வரவில்லை என்று காட்டுவதற்காகக் கட்டிய அறை அது. ஆனால், பார்த்த மக்கள் கேலியை விட்டுவிட்டார்கள். அறையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைப் படுக்கையறை என்பது பெரிய மோகமாகப் பரவிற்று.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். எல்லாம் வெள்ளையாக அறை அமைக்கும் மோடியை லண்டனில் முன்பே புகழ்பெறச் செய்தவர் சிரி மாம் என்ற பெண்மணி. 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தாரே, நாவலாசிரியர் சாமர்செட் மாம், அவருக்கு ஒரு காலத்தில் மனைவியாக இருந்தவர். அவர் தம் வீட்டுக் கூடத்தை வெள்ளையாக்கினார். அதே மோகம் கடல் கடந்து சினிமாவுக்கு வந்தது. சினிமாவிலிருந்து வீடுகளுக்குப் போயிற்று. முதலில் எது வீடு, எது செட் என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

சரி, வெள்ளைக் கம்பளம் வாங்கிப் போட்டவர்கள் கதி? அந்தக் காலத்தில் நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த வீடுகள் ஏராளம். கரித்தூள் பறக்கும். குழந்தைகள் மண்காலோடு ஓடிவரும். செட்டிலோ, அழுக்குப் பட்டால் துடைப்பதற்கும் மறுபடி பூசுவதற்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். பளபளக்கும் தரையில் கோடு விழாமல் இருக்க, படம் பிடிக்கும் நிமிஷம்வரை அதை மூடி வைப்பார்கள். வீட்டில் இந்த ஊழியம் யார் தலையில் விழும் என்று சொல்லவேண்டியதில்லை.

துணி, வர்ணம் மட்டுமா? அளவும் ஏமாற்றும். செட்டில் பல அறைகளுக்குக் கூரை கிடையாது. அந்த இடத்தில் விளக்குகள் தொங்கும். நான்காவது சுவர் கிடையாது. அங்கே காமிராவும் ஆட்களும் நிற்பார்கள். கதவுகள் வழக்கத்தைவிட உயரம். படுக்கையறைக்குள் காமிரா வண்டி ஓடவேண்டும், ஆகவே அறையும் மைதானம்போல் இருக்கும். தெருவில் தெரியும் வீட்டுக்கு உள்ளே ஒன்றும் இராது. முட்டுக் கொடுத்த பலகைகள்தான். உள்ளறைகள் வேறொரு கொட்டகையில் இருக்கும். கதாநாயகன் வாசற்படி ஏறிக் கதவைத் தள்ளினால், அடுத்த அடி வைப்பது பல நாள் கழித்து, வேறு கட்டடத்தில்! இப்படிப்பட்ட வீட்டைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கொண்டுவர முயன்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தாமே குடியேறிய செட்

ஆசைப்பட்ட எல்லோரிலும் ஒருவருக்கு மட்டும் அந்த வீடு முழுசாகக் கிடைத்தது. அவர் கிப்பன்ஸேதான்.

மெக்சிகோ நாட்டில் பிறந்து, ஹாலிவுட்டில் பேரழகி என்று புகழ்பெற்ற நடிகை டோலரஸ் டெல்ரியோ. அவரை 1930-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிப்பன்ஸ் மணந்தார். கடலுக்கு அருகே, சாண்டா மோனிகா பள்ளத்தாக்கில் மனைவிக்காக ஒரு வீடு எழுப்பினார். டக்ளஸ் ஹானல்டு என்ற கட்டடக் கலைஞர் துணை நின்றார்.

தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே போனால்தான் அதிசயம். பளபளக்கும் கறுப்புத் தரை. அகன்ற மாடிப்படி. படிப்படியாக உள்வாங்கும் கூரை, சுவர்கள். பார்த்த பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. டோலரஸின் கறுப்புக் கூந்தலும் வெள்ளை உடையும் அந்தக் கண்ணாடிகளில் எத்தனை எத்தனையோ உருவமாகத் தெரிந்திருக்கும். தோட்டத்தைப் பார்த்தபடி அகன்ற ஜன்னல்கள். கீழே நீச்சல் குளம்.

மழை பெய்யாத மாதங்களில் மழைச் சத்தம் கேட்கவேண்டும் என்று கிப்பன்ஸுக்கு ஆசை. செம்புத் தகட்டுக் கூரையின்மேல் குழாய்வழியே நீர் தெளிக்க ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். சினிமாவில் செயற்கை மழை பெய்விப்பது சகஜம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தவர் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை!

நட்சத்திரங்கள் விருந்துக்கு வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் நிறைவாக இருந்தது. ஆனால், வீட்டுக்குள் இருவர் வாழ்வு அப்படி இல்லை. காலை முதல் இரவு வரை கிப்பன்ஸுக்கு ஸ்டுடியோவே உலகம். டோலரஸுக்கோ நல்ல வேஷங்கள் குறைந்துகொண்டு வந்தன. 1941-ல் இருவரும் விவாகரத்துப் பெற்றார்கள்.

டோலரஸ் தாய்நாடு திரும்பினார். அங்கே அவர் நடித்த மரியா கண்டலேரியா என்ற படம் உலகப்புகழ் பெற்றது. 1946-ல் பிரான்சில் கேன்ஸ் பட விழாவில் பெரும்பரிசு பெற்றது. அதில் அவருக்கு என்ன வேஷம்? குடிசையில் இருந்துகொண்டு ஓடத்தில் பூ விற்கும் ஏழைப்பெண்! கண்ணாடி மாளிகையில் 11 ஆண்டு வாழ்ந்தவருக்கு அழியாப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஓலையும் மண்ணும்.

கிப்பன்ஸ் 1944-ல் ஹேசல் புரூக்ஸ் என்ற நடிகையை மணந்தார். கடைசிவரை அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள்.

மூச்சுமுட்டும் வீடு

பளபளப்பு மட்டுமே கிப்பன்ஸ் பகுதியின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டைப் பார்த்த உடனே, அங்கே வசிப்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரியவேண்டும். அவன் வாய்திறந்து பேசவேண்டியதில்லை. இதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

1944-ல் வந்த காஸ்லைட் படம் இதற்கு நல்ல சாட்சி. லண்டனில் ஒரு பழைய வீடு. கணவன் மனைவியைப் பைத்தியம் என்று நம்பவைக்கப் பார்க்கிறான். இங்கிரிட் பெர்க்மன் மனைவியாக நடித்தார். ராத்திரியில் அறையின் காஸ் விளக்கு தானாக மங்குகிறது. மேலே பரணில் நடமாட்டம் கேட்கிறது. உண்மையில் அங்கே கணவன்தான் ஒளிந்திருந்து நகை தேடுகிறான். மேலே அவன் விளக்கைத் திறந்தால், கீழே வாயு குறைந்து வெளிச்சம் மங்குகிறது.

இந்தக் கதைக்கு வெள்ளைச் சுவரும் வெற்றிடமும் உதவுமா? ஆகவே, நேர்மாறாகச் செய்தார்கள். மேஜைக்குமேல் விரிப்பு, விரிப்புக்குமேல் பொம்மை, பொம்மைக்குப் பக்கத்தில் படம், சுவரெங்கும் சட்டங்கள், கனத்த திரைகள் என்று சாமான்களால் அடைத்தார்கள். பார்க்கிற நமக்கே மூச்சுமுட்டும். அந்தப் பெண் ஏன் தவிக்கிறாள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த அறைகளுக்குச் சாமான் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் பால் ஹுல்ட்ஷின்ஸ்கி. ஜெர்மனியில் பெரும் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி, அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். பழைய மாளிகைகளில் எந்த மூலையில் எந்தச் சாமான் இருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வாழ்வை வாழ்ந்து, இழந்து வந்தவர். அந்தப் படத்துக்குக் கிப்பன்ஸோடு ஆஸ்கார் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். இத்தகையவர்களின் பெயர்களைத்தான் கிப்பன்ஸ் பெயருக்குப் பின்னால் தேடிப் பார்க்கவேண்டும். எட்வின் வில்லிஸ் என்பவர் இன்னொருவர். கம்பெனிப் படங்களில் வந்த மேஜை, நாற்காலி, விளக்குகளுக்கெல்லாம் பல ஆண்டுகள் பொறுப்பாளர் அவர். 1938-ல் மரி ஆன்டாய்னெட் படத்துக்காக பிரான்ஸ் நாட்டிலிருந்தே பழங்கால மரச்சாமான்களை வாங்கி வந்தவரும் அவரே.

பொம்மையின் கதை

ஆஸ்கார் பொம்மையை மறந்துவிட்டோமே! 1927-ல் ஹாலிவுட்காரர்கள் 36 பேர் கூடி சினிமாக் கலைக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். கிப்பன்ஸ் அவர்களில் ஒருவர். ஆண்டுதோறும் பரிசு கொடுப்பது என்று முடிவாயிற்று. என்ன பரிசு? பட்டயமா, பதக்கமா? கிப்பன்ஸ் படம் வரைந்து காட்டினார். கையில் வாளைத் தரையில் ஊன்றிப் பிடித்த வீரன். அவன் நிற்பது படச்சுருள் சக்கரத்தின்மேல். சக்கரத்துக்கு 5 ஆரங்கள். நடிகர், டைரக்டர், தயாரிப்பாளர், கதாசிரியர், தொழில்நுட்பக்காரர் என்ற 5 பிரிவுக்கு அவை அடையாளம். ஜார்ஜ் ஸ்டான்லி என்ற சிற்பி அதைச் சிலையாக வடித்தார். உயரம் பதின்மூன்றரை அங்குலம். முதல் பரிசளிப்பு 1929-ம் ஆண்டு மே 16-ந் தேதி நடந்தது.

அந்தப் பொம்மையைப் பாருங்கள். நேரான கோடுகள், வழவழப்பான உடல், தேவையில்லாத நகாசு ஒன்றும் இல்லை. அவர் கட்டிய அறைகளைப் போலவே இருக்கும்.

கிப்பன்ஸ் முதல் பொம்மையை வாங்கியது தி பிரிட்ஜ் ஆப் சான் லூயி ரே என்ற படத்துக்கு. பிறகு பிரைடு அண்ட் பிரெஜுடிஸ், லிட்டில் விமன், ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ், ஜூலியஸ் சீசர் என்று வரிசையாக வந்தன. டைரக்ட் செய்யவும் ஒரு தடவை ஆசைப்பட்டார். 1934-ல் வந்த டார்ஜான் அண்ட் ஹிஸ் மேட் படத்தில் டைரக்டர் என்று அவர் பெயர் வந்தது. வீடே இல்லாத காட்டுக்கதை! அதோடு அந்த ஆசை போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

உடல்நலம் கெட்டது. 1956-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் வந்த சம்படி அப் தேர் லைக்ஸ் மி என்ற படத்துக்கு அவருக்கு 11-வது பொம்மை கிடைத்தது. அதுவே கடைசி. அந்தப் படத்தில் வளைந்த மாடிப்படி இல்லை. வெள்ளைச் சோபா இல்லை. பால் நியூமன் குத்துச்சண்டை வீரனாக நடித்த கதை அது. நியூயார்க் நகரின் ஏழைத் தெரு, நெருக்கமான குடித்தன வீடு, அப்பனிடம் அடிவாங்கி வளர்ந்த பையன். டப்ளின்காரர் என்று சொல்லிக்கொண்ட கிப்பன்ஸ் கடைசியாகப் பரிசு வாங்கியது, தாம் பிறந்த ஊரின் வறிய அறைகளுக்கு!

1960-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் காலமானார்.

சாண்டா மோனிகா வீடு கைமாறிற்று. பின்னாளில் அதை வாங்கியவர்கள், கிப்பன்ஸ் காலத்தில் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று பாடுபட்டுச் செப்பனிட்டார்கள்.

அவர் கம்பெனி நொடித்தது. 1970-ம் ஆண்டு மே மாதத்தில், படங்களில் வந்த சாமான்களை எல்லாம் ஏலத்தில் விட்டார்கள். கட்டில், நாற்காலி, சரவிளக்கு, கடிகாரம், உடைகள் என்று ஆயிரக்கணக்கில் குவித்துவைத்து, நாள்கணக்கில் கூவினார்கள். தி விசார்டு ஆப் ஆஸ் படத்தில் சிறுமி போட்டு நடந்த சிவப்புச் செருப்பு மட்டும் 15,000 டாலருக்குப் போயிற்று. கூட்டத்தில் பெரும் பணக்காரர்கள் இருந்தார்கள். சின்ன வயதில் கால் டாலர் கொடுத்துப் படம் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு என்று கைக்கு எட்டியதை வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.